பழனி மலையில் சூரியனைப் படித்த மனிதர் – ஜான் எவர்ஷெட்



காலையில் துணி உலர்த்தவோ செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ மொட்டைமாடிக்குப் போகிறவர்கள், ஒரு நிமிடம் மேற்கே திரும்பிப் பாருங்கள். மேகம் இல்லாத நாளில் பழனி மலைத்தொடர் நீண்ட நீலக்கோடாகத் தெரியும். அந்த மலைமேல், கொடைக்கானலில், சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஒரு அப்சர்வேட்டரி இருக்கிறது. நம்மில் பலர் பத்து முறையாவது கொடைக்கானல் போயிருப்போம். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் பார்த்திருப்போம். அப்சர்வேட்டரி என்ற பெயர்ப்பலகையை மட்டும் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்போம்.

உலகத்தில் எந்த நாட்டில் சூரிய இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலும் 'எவர்ஷெட் விளைவு' என்று ஒரு தலைப்பு இருக்கும். அது கண்டுபிடிக்கப்பட்டது லண்டனிலோ அமெரிக்காவிலோ அல்ல. இன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற அந்த அப்சர்வேட்டரியில்தான். கண்டுபிடித்தவர் ஜான் எவர்ஷெட். அவருடைய வாழ்க்கையை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல, எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று ஆகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இவர் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

பஞ்சம் கொடுத்த ஆய்வகம்

முதலில், மலைமேல் அந்த அப்சர்வேட்டரி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்தவர்கள் சொன்னது இதைத்தான். மழை பொய்த்து லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த நம் சமவெளிக்கு மழை தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் சிலருக்கு ஓர் எண்ணம் இருந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. பருவமழையும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறதோ என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி இருந்தால் சூரியனைத் தினமும் பார்த்து, பஞ்சம் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா? அதற்காகத் தென்னிந்தியாவில் ஒரு சூரிய ஆய்வகம் வேண்டும் என்று முடிவானது. சென்னையிலிருந்த பழைய வானாய்வகத்தின் பொறுப்பாளர் மிச்சி ஸ்மித் இடம் தேடினார். காற்று தெளிவாகவும் மேகம் குறைவாகவும் இருந்ததால் கொடைக்கானல் தேர்வானது. 1895-ல் அடிக்கல் நாட்டி, 1899-ல் ஆய்வகம் அமைந்தது. 1901-ல் சூரியனைப் பார்க்கும் வேலை தொடங்கியது.

புள்ளியை எண்ணி மழையைச் சொல்லும் கனவு அவர்கள் நினைத்தபடி பலிக்கவில்லை. ஆனால் அந்தக் கனவு கட்டிவைத்த இடத்தில் வேறொரு பெரிய விஷயம் கிடைத்தது.

கல்லூரி வாசலை மிதிக்காதவர்

ஜான் எவர்ஷெட் 1864 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் கோம்ஷால் என்ற ஊரில் பிறந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. லண்டனில் எண்ணெயையும் வேதிப்பொருட்களையும் பரிசோதித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பகலில் சம்பளத்துக்கு வேலை. மீதி நேரமெல்லாம் சூரியன். 1890-ல் கென்லி என்ற இடத்தில் தன் வீட்டிலேயே சிறிய ஆய்வகம் அமைத்துக்கொண்டார். அதே ஆண்டு தொடங்கிய பிரிட்டிஷ் வானியல் சங்கத்திலும் சேர்ந்தார். ரான்யார்டு என்ற வானியல் நண்பர் இறந்தபோது, 18 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இவர் கைக்கு வந்தது. பெரும்பாலான கருவிகளைத் தானே செய்துகொள்வார். கண்ணாடி, லென்ஸ், மரச்சட்டம் எதுவானாலும் கையால் தொட்டுச் சரிசெய்கிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

முழுச் சூரிய கிரகணம் எங்கே வந்தாலும் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடுவார். 1896-ல் நார்வே போனார், மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயணத்தில்தான், அதே ஆர்வத்தோடு வந்திருந்த மேரி ஆக்வொர்த் ஆர் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1898 ஜனவரியில் கிரகணம் பார்க்க இந்தியாவுக்கே வந்து, இன்றைய மகாராஷ்டிரத்தில் தல்னி என்ற இடத்தில் முகாமிட்டுச் சூரிய விளிம்பின் நிறமாலையைப் படம் எடுத்தார். 1900-ல் அல்ஜீரியா, 1905-ல் ஸ்பெயின் என்று பயணம் தொடர்ந்தது.

இப்படிச் சொந்தக் காசில், விடுமுறை நாளில் செய்த வேலை பெரிய விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது. நிறமாலை ஆய்வில் முன்னோடியான வில்லியம் ஹக்கின்ஸ் இவருக்காகப் பரிந்துரைத்தார். 1906-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் உதவி இயக்குநர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 42. அதே ஆண்டு மேரியைத் திருமணம் செய்துகொண்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு, புது மனைவியோடு, கடல் கடந்து, பார்த்திராத ஒரு மலைக்குப் போக அந்த வயதில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நேராகவும் வரவில்லை. அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்தார்கள். அங்கே மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் ஹேல் அமைத்திருந்த சூரிய ஆய்வகத்தைப் பார்த்தார். பிறகு ஜப்பான் வழியாக இந்தியா வந்து, 1907 ஜனவரியில் கொடைக்கானல் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் கொடைக்கானல் போவது என்றால் எப்படி என்று கற்பனை செய்து பாருங்கள். நம் ஊர் வழியாகச் செல்லும் ரயில்பாதை 1875-லேயே வந்துவிட்டது. அம்மையநாயக்கனூரில், இன்று கொடைரோடு என்று நாம் சொல்லும் நிலையத்தில், இறங்க வேண்டும். அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரம். பிறகு மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ, கால்நடையாகவோ மேலே ஏற வேண்டும். இன்று நாம் பஸ்ஸில் போகும் காட் ரோடு அப்போது முடிந்திருக்கவில்லை. ஆய்வகத்துக்கான கண்ணாடிகளும் இரும்புச் சாமான்களும் கூலியாட்களின் தலையிலும் தோளிலும்தான் மலையேறின. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ரயில் ஹாரனும் சூரிய ஒளியும்

எவர்ஷெட் என்ன செய்தார் என்று புரிய, ஒரு சின்ன அறிவியல். பயப்பட வேண்டாம், நமக்குப் பழக்கமான விஷயம்தான்.

ரயில்வே கேட்டில் நிற்கிறீர்கள். வைகை எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. உங்களை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று மேல் சுருதியில் கேட்கும். உங்களைக் கடந்து தூரப்போகும்போது அதே ஹாரன் கீழ்ச்சுருதிக்கு இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும், ரயில் வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வேகம் என்றுகூடக் கணக்குப் போடலாம்.

ஒளியும் அப்படித்தான். சூரிய ஒளியைப் பிரித்தால் வானவில் போன்ற நிறமாலை வரும். அதில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் நிறைய இருக்கும். இரும்பு, ஹைட்ரஜன், கால்சியம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோடுகள். அந்தப் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கம் கொஞ்சம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். நகர்வு மிக மிகச் சிறியது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாகக்கூட இருக்கும். அதை அளக்க நல்ல கருவியும் பொறுமையும் தெளிவான வானமும் வேண்டும்.

கொடைக்கானலுக்கு இவர் வந்தபோது, கேம்பிரிட்ஜிலிருந்து வாங்கிய ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி முழுப் பயனைத் தராமல் இருந்தது. ஒரே நிற ஒளியில் மட்டும் முழுச் சூரியனையும் படம் பிடிக்கும் கருவி அது. எவர்ஷெட் அதைச் சரிசெய்து ஓட வைத்தார். கோடுகளின் நகர்வை அளக்க நிறமாலைமானி ஒன்றையும் தானே அமைத்துக்கொண்டார்.

வேலை அதிகாலையில் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற, நம் சமவெளியில் சூடான காற்று மேலே கிளம்பும். அப்போது தொலைநோக்கியில் சூரியன் தண்ணீருக்குள் இருப்பது போலக் கலங்கித் தெரியும். அதற்குள், காலைக் குளிரில், வேலையை முடித்தாக வேண்டும்.

1909 ஜனவரி 5

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1908-ல் அமெரிக்காவில் ஹேல் இரண்டு பெரிய செய்திகளைச் சொன்னார். ஒன்று, கரும்புள்ளிகளைச் சுற்றி ஹைட்ரஜன் சுழல் போலத் தெரிகிறது. இரண்டு, கரும்புள்ளிகளுக்குள் மிக வலுவான காந்தப்புலம் இருக்கிறது. பூமிக்கு வெளியே காந்தம் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். இதைக் கேட்ட எல்லோரும் நினைத்தது ஒன்றே: கரும்புள்ளி என்பது சூறாவளி போன்ற ஒரு சுழல். எவர்ஷெட்டும் அப்படித்தான் நினைத்தார். அந்தச் சுழற்சியை அளக்கவே உட்கார்ந்தார்.

ஜனவரித் தொடக்கத்தில் மலையில் பலத்த மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. 5-ஆம் தேதி இரண்டு பெரிய கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார்.

ஒரு கரும்புள்ளிக்கு நடுவே கறுப்பான பகுதியும், அதைச் சுற்றி இழை இழையாகச் சாம்பல் நிற விளிம்பும் இருக்கும். நடுவே சுழல் இருந்தால், விளிம்பின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும். எதிர்ப்பக்கம் விலகிப் போகும். எந்தத் திசையில் பிளவை வைத்துப் பார்த்தால் அது தெரியும் என்று கணக்கு இருக்கிறது. அந்தத் திசையில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சுழற்சியில் தெரியக்கூடாத மற்றத் திசையில் வைத்தபோது கோடுகள் தெளிவாகச் சாய்ந்து நின்றன.

சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அடைப்பை எடுத்தால், தண்ணீர் சுழன்று சுழன்று துளைக்குள் இறங்கும். அவர் எதிர்பார்த்தது அது. மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றினால், அது நாலா பக்கமும் வெளியே பரவி ஓடும். அவர் கண்டது இது. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு எல்லாத் திசையிலும் வெளிநோக்கி, கிட்டத்தட்ட கிடைமட்டமாக, ஓடிக்கொண்டிருந்தது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அரை நிமிடத்தில் போகிற வேகம் அது.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசியுங்கள். அவர் ஒரு மலையூரில், பெரிய பட்டம் எதுவும் இல்லாமல், உதவி இயக்குநராக இருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் உலகமே மதிக்கும் ஹேலின் கருத்து. தானும் அதையே நம்பித்தான் அளக்க உட்கார்ந்தார். எதிர்பாராத விடை வந்ததும், கருவியில் கோளாறு என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போனவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. எவர்ஷெட் அப்படிச் செய்யவில்லை. அடுத்தடுத்து வந்த கரும்புள்ளிகளையும் பார்த்தார். புள்ளி சூரியனின் நடுவில் இருக்கும்போது சாய்வு இல்லை. ஓரத்துக்குப் போகப் போகச் சாய்வு கூடுகிறது. கிடைமட்டமாக வெளியே ஓடினால் இப்படித்தான் இருக்க வேண்டும். எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதே விடை. அதே ஆண்டில், கொடைக்கானல் ஆய்வகத்தின் 15-ஆவது அறிக்கையாக அதை வெளியிட்டார். சுழல் என்று எழுதவில்லை. கண்டதை எழுதினார்.

1913-ல் மவுண்ட் வில்சனில் செயின்ட் ஜான் என்ற விஞ்ஞானி இதையே விரிவாக அளந்து பார்த்தார். எவர்ஷெட் சொன்னது சரியாக இருந்தது. சூரியனின் மேல் அடுக்குகளுக்குப் போனால் ஓட்டம் திசைமாறி உள்நோக்கி வருகிறது என்பதும் தெரியவந்தது.

பதவி இல்லாமல் உழைத்த மேரி

மேரி எவர்ஷெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1867-ல் பிறந்த அவர், திருமணத்துக்கு முன்பே வானியலில் பெயர் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் சில காலம் இருந்தபோது தென்வானத்து நட்சத்திரங்களை எளிதாக அடையாளம் காண ஒரு வழிகாட்டி நூல் எழுதியிருந்தார். கொடைக்கானலில் அவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனாலும் கணவரோடு சேர்ந்து தினமும் உழைத்தார்.

சூரியனின் விளிம்பிலிருந்து தீநாக்குகள் போல எழும் பிழம்புகளை அவர் ஆராய்ந்தார். கரும்புள்ளிகளோடு தொடர்புள்ள பிழம்புகள் எப்படி நகர்கின்றன என்று 1913-ல் தனியாகவே ஒரு கட்டுரை வெளியிட்டார். கென்லியிலும் கொடைக்கானலிலும் 1890 முதல் 1914 வரை சேர்த்த பதிவுகளை இருவரும் தொகுத்தார்கள். அது 1917-ல் பெரிய அறிக்கையாக வந்தது. இதற்கு நடுவே, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காலத்து வானியலைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல் உழைக்கும் பெண்களை நம் ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். மேரியின் பெயராவது அறிக்கையின் அட்டையில் இருக்கிறது.

தவறும் திருத்தமும்

1911-ல் மிச்சி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் இயக்குநரானார். அந்த ஆண்டில் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் சூரியனைப் படம் எடுக்க இன்னொரு கருவியையும் அமைத்தார். அவருக்குத் துணையாகத் தாமஸ் ராய்ட்ஸ் வந்தார். ஆய்வகத்தின் இந்திய உதவியாளர்கள் தினசரிப் பதிவுகளை ஒரு நாளும் விடாமல் நடத்தினார்கள். 1915-ல் காஷ்மீரில் தற்காலிக ஆய்வகம் ஒன்று போட்டு, அங்கே சூரியன் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றும் சோதித்தார். அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1918-ல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இவ்வளவு பெயர் வாங்கியவர் தவறே செய்யவில்லையா? செய்தார்.

சூரியனின் நிறமாலைக் கோடுகள், புள்ளி இல்லாத இடத்திலும், சிவப்புப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருப்பதை அவரும் ராய்ட்ஸும் அளந்தார்கள். அப்படியானால் சூரியனின் வாயு பூமியை விட்டு விலகிப் போகிறது என்றாகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் விலகுகிறது. பூமியே சூரிய வாயுவைத் தள்ளுகிறதோ என்ற விசித்திரமான எண்ணத்துக்கு எவர்ஷெட் வந்தார். அதைச் சோதிக்க ஒரு நல்ல வழியும் கண்டுபிடித்தார். பூமிக்குத் தெரியாத சூரியனின் மறுபக்கத்து ஒளி வெள்ளிக் கோளின் மீது பட்டு நம்மிடம் திரும்பி வரும். அந்த ஒளியைப் பிடித்து அளந்தால் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகள் வெள்ளியைப் படம் எடுத்தார். முதலில் தன் எண்ணத்துக்குச் சாதகமாகவே தோன்றியது.

அதே காலத்தில் ஐன்ஸ்டீன் வேறொரு விளக்கம் தந்திருந்தார். சூரியனின் பெரும் ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி சிவப்புப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துதான் ஆக வேண்டும் என்பது அவருடைய கோட்பாடு. எவர்ஷெட் மீண்டும் மீண்டும் அளந்தார். 1920-களின் தொடக்கத்தில், தன் பழைய எண்ணத்தைக் கைவிட்டு, ஐன்ஸ்டீன் சொன்னதே பொருந்துகிறது என்று ஏற்றுக்கொண்டார். 1909-ல் ஹேலின் கருத்துக்கு எதிராக எந்த அளவுகோலைப் பிடித்தாரோ, அதே அளவுகோலைத் தன் கருத்துக்கு எதிராகவும் பிடித்தார். முதலாவதைவிட இரண்டாவது கடினம்.

தோல்வியும் உண்டு. 1922 செப்டம்பரில் முழுக் கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகே நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க மேற்கு ஆஸ்திரேலியாவில் வாலல் என்ற கடற்கரைக்கு எவர்ஷெட்டும் மேரியும் போனார்கள். பக்கத்திலேயே முகாமிட்டிருந்த அமெரிக்கக் குழு வெற்றி பெற்றது. எவர்ஷெட்டின் கருவி சரியாக ஓடாமல், அத்தனை தூரம் போனதும் வீணானது. மறுபடி மலைக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

1923-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஓய்வு என்று பெயர்தான். யூஹர்ஸ்ட் என்ற ஊரில் வீட்டோடு மறுபடியும் ஓர் ஆய்வகம் கட்டினார். திரவம் நிரப்பிய பெரிய பட்டகங்களைத் தானே செய்து சூரியனை அளந்துகொண்டே இருந்தார். மேரி 1949-ல் காலமானார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17 அன்று, 92-ஆவது வயதில் இறந்தார்.

சரி, இதனால் நமக்கு என்ன?

எவர்ஷெட் தான் கண்டதை வாயு என்றும் ஆவி என்றும்தான் எழுதினார். மின்னேற்றம் கொண்ட வாயுவுக்குப் பிளாஸ்மா என்ற பெயரை லாங்மியூர் வைத்ததே 1928-ல்தான். பிளாஸ்மாவுக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. வாய்க்கால் கரை தண்ணீருக்கு வழி காட்டுவது போல, காந்தக் கோடுகள் பிளாஸ்மாவுக்கு வழி காட்டும். கரும்புள்ளியின் விளிம்பில் காந்தக் கோடுகள் ஏறக்குறைய படுத்த நிலையில் இழை இழையாக இருக்கின்றன. அவற்றை ஒட்டியே ஓட்டம் நடக்கிறது. எவர்ஷெட் அளந்தது அதைத்தான் என்பது பின்னால் தெளிவானது.

அந்த உறவு சூரியனோடு நின்றுவிடவில்லை. சூரியனிலிருந்து பிளாஸ்மா எப்போதும் வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது என்று 1958-ல் யூஜின் பார்க்கர் சொன்னார். அதற்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமியின் காந்தப்புலம் அதற்கு எதிராகக் குடை பிடித்தது போல நம்மைக் காக்கிறது. அந்தக் குடைக்குக் காந்தக்கோளம் என்று பெயர். கரும்புள்ளிப் பகுதியில் பெரிய வெடிப்பு நடந்து பிளாஸ்மா நம் பக்கம் வந்தால் அந்தக் குடை அதிரும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேருக்கு மின்சாரம் போனது அப்படித்தான். 2024 மே மாதத்தில், லடாக்கின் ஹான்லே வானம் சிவந்து தெரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் சூரியப் புயல்தான். நம் கைப்பேசி, வழிகாட்டும் செயற்கைக்கோள், மின்கட்டம் எல்லாம் இதைச் சார்ந்தே இருக்கின்றன.

அப்படிப் பார்த்தால், கொடைக்கானல் மலையில் ஒரே வளாகத்தில் இரண்டு முனைகளையும் கவனித்திருக்கிறார்கள். சூரியனைப் படம் எடுத்த அதே இடத்தில் 1902-லிருந்தே பூமியின் காந்த ஊசியின் அசைவையும் பதிவு செய்தார்கள். 1923-ல் நின்ற அந்தப் பதிவு 1949-ல் மறுபடி தொடங்கியது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனைக்கு அருகே போவதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் பகல் முழுவதும் நம் தலைக்கு மேலே ஓடுகிறது. 1963-ல் விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுக்க அதுவே முக்கியக் காரணம்.

எவர்ஷெட் இறந்தது முதல் செயற்கைக்கோள் பறப்பதற்கு ஓராண்டு முன்பு. அவர் பணி செய்த ஆய்வகம் இன்று இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 2023 செப்டம்பரில் புறப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்ததும் அதே நிறுவனம்தான். அந்த விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது 2024 ஜனவரி 6 அன்று. எவர்ஷெட் அந்தத் தட்டைப் படம் எடுத்து 115 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. கண்டுபிடிப்பின் நூற்றாண்டை ஒட்டி 2008-ல் நம் அஞ்சல் துறை ஒரு தபால்தலையும் வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தேடிப் பாருங்கள்.

அவர் காலத்தில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே வரிசையாகப் பாதுகாக்கப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் ஒரு நாள் சூரியன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், உலக விஞ்ஞானிகள் நம் மலையைத்தான் கேட்கிறார்கள். அன்று காலை குளிரில் எழுந்து ஒருவர் படம் எடுத்து வைத்ததால்தான் இது கிடைத்தது. அது என்றைக்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த முறை குடும்பத்தோடு கொடைக்கானல் போகும்போது, அப்சர்வேட்டரி பலகையைக் கண்டால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே பொதுமக்களுக்கான காட்சிக்கூடமும் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய், எவர்ஷெட் என்று ஒருவர் இங்கே இருந்தார் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்று: கண்ணால் நேராகச் சூரியனைப் பார்க்க அவர்களை விடாதீர்கள். தகுந்த வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியையோ பைனாகுலரையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

வீட்டிலேயே பார்க்க ஆசைப்பட்டால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக வரும் ஒளியை நிழலில் உள்ள வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். சின்ன வட்டமாகச் சூரியன் தெரியும். காலையில் சிறுமலைப் பக்கம் சூரியன் எழுந்து வந்ததும் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம். தாளையும் பேனாவையும் பிள்ளையிடம் கொடுத்து, என்ன எதிர்பார்த்தாய் என்பதை ஒரு வரியிலும், என்ன பார்த்தாய் என்பதை அடுத்த வரியிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அடிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.